மலைப் பாட்டுக்கு கிதார் சேர்க்கலாமா?

கேள்வி: சேலத்தில் நாங்கள் நான்கு பேர் இசைக்குழு நடத்துகிறோம். சேர்வராயன் மலையில் ஓர் ஊரில் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பாடும் கல்யாணப் பாட்டுகளைப் பதிவு செய்து, கிதார் சேர்த்து யூடியூபில் வெளியிட ஆசை. ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர், "தாராளமா எடுத்துக்கங்க" என்றார். அது போதுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: போதாது. ஊருக்குள் வர அவர் அனுமதி தரலாம். பாடுகிறவரின் சம்மதத்தைப் பாடுகிறவர்தான் தர வேண்டும். முதல் தடவை மைக், கேமரா எதுவும் இல்லாமல் போங்கள். பாடும் அம்மாக்களைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள்: வெளியாள் கேட்கக்கூடிய பாட்டு எது, சாமி முன்னால் மட்டும் பாடுவது எது, சாவு வீட்டுக்கு மட்டும் உரியது எது? பெரியவர்கள் சுற்றி நிற்கும்போது வரும் "சரி"யை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஒருநாள் உங்களோடு உட்கார்ந்தால் ஒருநாள் கூலி போகும்.

கூலியைப் பதிவு நாளுக்கு மட்டும் கணக்கிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஒத்திகை நாளுக்கும் கொடுங்கள், அன்றன்றே கையில் கொடுங்கள். யூடியூப் வருமானத்தில் பங்கு இதில் சேராது, அது தனி.

பிறகு ஒரு பக்கத்தில், தமிழில், ஒப்பந்தம். வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பாடியவருக்குத் தான் பாடியதன் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. அதை எழுத்து மூலமாகத்தான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூப் உலகம் முழுக்கப் போவதால் இரண்டையும் எழுதியே ஆக வேண்டும்.

இசையில் அவசரப்பட்டால் பாட்டே கெட்டுவிடும். சீராகத் தட்டித் தாளம் காட்டும் மெட்ரோனோமைக் காதில் மாட்டிப் பாடச் சொல்லாதீர்கள். ஒரு அடியை நீட்டி, அடுத்ததைச் சுருக்கிப் பாடுவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. முதலில் கருவி இல்லாமல் இரண்டு முறை பாடவிட்டுச் சுருதியைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதற்கேற்ப கிதாரின் கழுத்தில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) மாட்டுங்கள். சுருதி அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு (சுருதி நிலைகளுக்கு) நடுவே விழுந்தால் ஆறு தந்திகளையும் அதற்கேற்ப இறக்குங்கள். பாடப் பாடக் குரல் மேலே ஏறும். அப்போது கிதார்தான் பின்தொடர வேண்டும். சுருதியைக் கணினியில் திருத்தும் ஆட்டோட்யூன் போட்டால் அந்தக் குழைவு அத்தனையும் தட்டையாகிவிடும்.

முடித்த பாட்டை வெளியிடும் முன் ஊரில் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். "நாட்டுப்புறப் பாடல்" என்று மட்டும் போடாமல், அவர்கள் சம்மதித்தால் பாடியவர் பெயர், ஊர்ப் பெயர் இரண்டையும் போடுங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: பாட்டை இணையத்தில் விநியோகிக்கும் நிறுவனம் வழியாக, ஒரே பாட்டு வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் அதைப் பதிந்துவிட்டால், நாளை அந்த ஊர்ப் பெண்ணே தன் போனில் பாடிப் போடும் வீடியோ மீது உரிமைக் கோரிக்கை விழலாம். பதியவே பதியாதீர்கள்.

கேள்வி: விழா போஸ்டரில் மலையாளிப் பழங்குடியினரின் ஆட்டத்தைக் "கேரளப் பழங்குடியினரின் நடனம்" என்று அச்சிட்டுவிட்டோம். தவறா?
– வாசகி, ஏற்காடு

பதில்: தவறுதான், மாற்றுங்கள். மலையாளி என்ற பெயர் மலையை வைத்து வந்தது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. ஆட்டத்துக்கு அந்த ஊரில் என்ன பெயரோ, அதைக் கேட்டு அப்படியே அச்சிடுங்கள். இலைதழை கட்டி ஆடச் சொல்லாதீர்கள். உடையை அவர்களே முடிவு செய்யட்டும்.