வாய்க்கால் ஓரத்தில் பூங்கா: கேட்டவையும் சொன்னவையும்

வடிகால், வாய்க்கால், அணைக்கட்டு என்றே உத்தியோக காலம் முழுவதும் போய்விட்டது. இப்போது ஓய்வு. நகரத்து நீரோடைகளைப் பூங்காவாக மாற்றுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

உப்புவெளியிலிருந்து: ஐயா, மகாவலி கொட்டியாரக் குடாவில் போய் விழுகிறது. திருகோணமலை டவுனுக்குள் ஆறே இல்லை. எங்களுக்கு ஏன் ஆற்றங்கரைப் பூங்கா?

ஆறு இல்லைதான். ஆனால் மாரித் தண்ணீர் கடலுக்கோ களப்புக்கோ போகும் பாதை இருக்கிறது. அதே பாதையைக் கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் போய்ப் பாருங்கள். தண்ணீர் என்று ஓடுவது வீட்டுக் குசினிகளின் சவர்க்காரத் தண்ணீர்தான். ஒரு தடியை எடுத்து அடியில் குத்துங்கள். கறுப்புச் சேறு, கூழ்முட்டை நாற்றம் வந்தால் அங்கே ஒட்சிசன் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மார்கழியில் இடுப்பளவு வெள்ளம், ஆடியில் இந்த நாற்றம். இரண்டையும் தாங்குகிற பூங்காதான் எங்களுக்கு வேண்டும்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, தென்கொரியாவின் சியோலில் மேம்பாலத்தை உடைத்து ஆற்றைத் திறந்தார்களே, அந்த மாதிரி இங்கே செய்ய முடியாதா?

சொங்கெசொன் ஓடையைச் சொல்கிறீர்கள். 2003இல் நெடுஞ்சாலையை இடிக்கத் தொடங்கி, 2005 ஒக்டோபரில் ஏறக்குறைய 5.8 கிலோமீற்றரைத் திறந்துவிட்டார்கள். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்து விடுவது. ஒரு நாளைக்குச் சுமார் 120,000 தொன். மின்கட்டணம் கட்டுகிற வரைக்கும்தான் அந்த ஓடை ஓடும். படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் மோட்டரைப் பார்ப்பதில்லை. கோடையில் கிணறு வற்றுகிற ஊரில் அலங்காரத்துக்குத் தண்ணீர் இறைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பாலையூற்றிலிருந்து ஒரு தங்கச்சி: கொங்கிரீட் சுவரை எடுத்தால் வெள்ளம் வீட்டுக்குள் வராதா?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சிங்கப்பூரில் காலாங் ஆற்றின் ஒரு பகுதி 2.7 கிலோமீற்றர் நேரான கொங்கிரீட் வாய்க்காலாகக் கிடந்தது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆறாக்கி, பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குள் விட்டார்கள். 2012இல் திறந்தார்கள். சாதாரண நாளில் அது சின்ன ஓடைதான், பிள்ளைகள் கால் நனைப்பார்கள். பெருமழை வந்தால் பக்கத்துப் புல்வெளியெல்லாம் ஆறாகி, அகலம் 100 மீற்றர் வரை விரியும். சுவருக்குள் அடைபட்ட தண்ணீர் ஓடிப்போய் அடுத்தவன் வீட்டைத் தட்டும். இடம் கிடைத்த தண்ணீர் மெதுவாகப் போகும். முன்னெச்சரிக்கை விளக்கும் சைரனும் வைத்திருக்கிறார்கள், ஆட்கள் மேட்டுக்கு ஏறிவிடலாம்.

ஆக உங்கள் பயம் நியாயமானது. பக்கத்தில் தாழ்ந்த வெறுங்காணி இல்லாமல் சுவரை மட்டும் எடுத்தால் வெள்ளம் வரத்தான் செய்யும். வேலி மாறி வேலி வந்து வாய்க்கால் ஒடுங்கிய இடத்தில் முதலில் பேச வேண்டியது காணியைப் பற்றி. அந்தப் பேச்சு யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான்.

கிண்ணியாவிலிருந்து: கரையெல்லாம் கண்டல் நட்டால் போதும் என்கிறார்கள். உண்மையா?

நானே நட்டு ஏமாந்தவன். சுனாமிக்குப் பிறகு ஒரு திட்டத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகளைச் சேற்றில் வரிசையாகக் குத்தினோம், படமும் எடுத்தோம். அடுத்த வருடம் தடிகள் மட்டும் நின்றன. நாங்கள் மட்டும் இல்லை. சுனாமிக்குப் பின் இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட முயன்றதில் 200 சொச்சம்தான் தப்பியது. ஆய்வு செய்த 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. எந்நேரமும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் இடத்தில் கண்டல் வராது, அதற்கு ஏறி இறங்கும் நீர் வேண்டும். அடைபட்ட களப்பு வாயை வெட்டி உப்புநீர் போய்வர வழிவிட்டால், பக்கத்தில் தாய்மரம் இருந்தால் விதை தானாகவே வந்து முளைக்கும்.

அன்புவழிபுரத்திலிருந்து: நுளம்பு பெருகாதா? 2017இல் பட்ட பாடு போதும்.

டெங்கு நுளம்பு பெரும்பாலும் சிரட்டை, டயர், யோகட் கோப்பை மாதிரியானவற்றில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடும். ஓடுகிற நீரில் அல்ல. ஆகவே பூங்காவில் குப்பை எடுக்க ஆள் இல்லையென்றால் நுளம்பு வரும். நாற்ற வாய்க்காலில் பெருகுவது வேறு நுளம்பு, அதைக் கட்டுப்படுத்த மீனும் நீரோட்டமும் வேண்டும்.

திருக்கடலூரிலிருந்து: பூங்கா என்று சொல்லி எங்கள் தோணியை எடுக்கச் சொல்வார்களா?

சொல்லக்கூடும். அதனால் வரைபடம் கீறும் கூட்டத்துக்கே போங்கள், திறப்பு விழாவுக்கு அல்ல. தோணி கட்டும் இடம், வலை காயப்போடும் இடம் இரண்டையும் படத்தில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.

இன்னொருவர்: என்ன மரம் நடலாம்?

நல்ல தண்ணீர்க் கரைக்கு மருது. சரிவில் வெட்டிவேர், அது வேர் பிடிக்கும் வரை தும்பு விரிப்பு. உப்பு ஏறும் இடத்தில் மருதும் வெட்டிவேரும் வேண்டாம். அப்புறம், கூண்டு மறக்க வேண்டாம். டவுனுக்குள் திரியும் புள்ளிமான்களுக்குச் சோறு கட்டும் லஞ்ச் சீற்றையும் உங்கள் கன்றின் குருத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் வைத்த ஆறு மருதங்கன்றில் கூண்டு போட்டது இரண்டு. இப்போது நிற்பதும் இரண்டு.

மட்டிக்களியிலிருந்து: காசு வரும் வரை நாங்கள் என்ன செய்வது?

மழை இல்லாத ஒரு காலையில் நாலு பேராக வாய்க்கால் ஓரம் நடந்து, தண்ணீர் வடியும் குழாய்களை எண்ணுங்கள். மழையில்லாத நாளில் வடிகிற குழாய் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய குசினி, அல்லது மலசலகூடக் குழி. போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்துச் சபையில் எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.