டவர் அலையில் போன் சார்ஜ் ஆகுமா?

அன்புள்ள ஐயா,

ஃபாஸ்டேக் அட்டைக்குள் பேட்டரி கிடையாது, சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்கிறது என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எங்கள் மொட்டை மாடிக்கு எதிரிலேயே செல்போன் டவர் இருக்கிறது. அந்த அலையில் போனைச் சார்ஜ் செய்ய முடியாதா? எல்லோரும் இப்படி எடுத்தால் சிக்னல் குறையாதா? கோடிகள் கொட்டி அலைக்கற்றையை ஏலம் எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா?

ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில்கூட போனுக்கு வந்து சேர்வது சுமார் ஒரு நானோவாட். ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. போன் பேட்டரி கொள்வது ஏறக்குறைய 15 வாட்மணி. வகுத்துப் பார்த்தால் நிரம்ப 17 லட்சம் ஆண்டுகள் ஆகும். உங்கள் மாடியில் ஆயிரம் மடங்கு கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 1,700 ஆண்டுகள். அதுவும் சேதாரமே இல்லாமல் எடுத்தால்!

ஃபாஸ்டேக் பிழைப்பது எப்படி என்றால், சில மீட்டர் தூரத்திலிருந்து அதன் மேலேயே அலையைப் பாய்ச்சுகிறார்கள். அதற்குத் தேவையும் சில மைக்ரோவாட்தான். தவிர, அது சொந்தமாக அலை எதையும் அனுப்புவதில்லை. சின்ன வயதில் கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் அடித்திருப்பீர்களே, அதே வேலைதான். வருகிற அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியடிக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் அட்டையின் எண் இருக்கிறது.

சிக்னல் குறையுமா? டவரை விட்டுக் கிளம்பிய அலையில் பெரும்பகுதி சுவரிலும் மரத்திலும் பட்டு வீணாகத்தான் போகிறது. நீங்கள் பெரிய ஆண்டெனா வைத்தால் அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் நிழல் விழும், அவ்வளவுதான்.

ஏலக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஃபாஸ்டேக் இயங்கும் 865–867 மெகாஹெர்ட்ஸ் இங்கே உரிமம் வேண்டாத அலைவரிசைப் பட்டை, அதனால் அங்கே சண்டையில்லை. 2013-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். பேட்டரி இல்லாத இரண்டு சிறு அட்டைகள், டிவி கோபுரத்தின் அலையிலேயே மின்சாரம் எடுத்து, அதே அலையைத் திருப்பியடித்து ஒன்றோடொன்று பேசின. வெட்டவெளியில் இரண்டரை அடி தூரம், நொடிக்கு ஒரு கிலோபிட். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் டிவி ஆண்டெனாவை ஒட்டினாற்போல் வைத்தாலொழிய படம் கெடவில்லை. அடுத்தவர் அலைக்கற்றையில் அவருக்கே தெரியாமல் குடித்தனம்!

அனுமதியோடு பகிர்வதும் உண்டு. அமெரிக்காவில் 3550–3700 மெகாஹெர்ட்ஸ் பட்டையைக் கடற்படை ரேடார் பயன்படுத்துகிறது. 2015-இல் வந்த விதிப்படி மற்றவர்களும் அதில் இயங்கலாம். ரேடாரின் அலையைக் கரையோர உணரிகள் (சென்சார்கள்) கண்டதும் அங்கே இடைஞ்சலாக இருப்பவர்கள் விலகிவிட வேண்டும். வீட்டுக்காரர் வந்ததும் திண்ணையை விட்டு எழுந்துகொள்வது மாதிரி.

சரி, காற்றிலிருந்து எடுக்கும் இந்தத் துளி மின்சாரம் எதற்கு ஆகும்? உண்டியல் மாதிரி சேர்த்துவைத்து, எப்போதாவது ஒரு எண்ணை மட்டும் சொல்லும் உணரிகளுக்கு ஆகும். பாலத்துக் கான்கிரீட்டுக்குள் புதைத்த கருவிக்கு யார் போய் பேட்டரி மாற்றுவது? போன் சார்ஜர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

உங்களுக்கு ஆசை விடவில்லையென்றால், பேட்டரியே இல்லாமல் வருகிற அலையின் மின்சாரத்திலேயே பாடும் கிரிஸ்டல் ரேடியோ செய்து பாருங்கள். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லில் அலையைக் கண்டறியும் முறைக்கு 1904-இல் காப்புரிமை பெற்றார். பேட்டரி இல்லாத ரேடியோக்களில் பிற்பாடு அந்தக் கல்தான் இருந்தது. இப்போது அதற்குப் பதில் ஒரு ஜெர்மானியம் டயோடு போதும். மாடியில் நீளமாக ஒரு கம்பி, நல்ல எர்த், பக்கத்தில் மீடியம் வேவ் நிலையம் ஒன்று வேண்டும். போனுக்கு வருகிற இயர்போன் இதற்கு ஆகாது, கிரிஸ்டல் இயர்போன் என்று கேட்டு வாங்குங்கள்.