தனியாகப் பார்த்ததில் சலித்த ‘ராக்கி ஹாரர்’

எல்லாரும் கொண்டாடும் ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ என்ற ஆங்கில இசை நகைச்சுவைத் திகில் படத்தை வீட்டில் தனியாகப் பார்த்து, சலித்துப்போனீர்களா? அதில் உங்கள் ரசனைக் குறை ஏதும் இல்லை. தனியாகப் பார்த்ததே காரணமாக இருக்கக்கூடும்.

1975இல் வெளியானபோது அந்தப் படம் ஓடவில்லை. 1976இல் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் தொடங்கிய நள்ளிரவுக் காட்சிகளில்தான், ரசிகர்கள் பாத்திரங்களைப் போல உடுத்தி வந்து, வசனங்களுக்குப் பதில் கூவி, திருமணக் காட்சியில் அரிசியை வீசி, அதைத் தங்கள் விழாவாக்கிக்கொண்டார்கள். அந்தக் கூச்சல் இல்லாத அறையில், வசனங்களுக்கு நடுவே விழும் இடைவெளிகள் தொய்வாகவே தெரியும்.

அதில் தோய்ந்த நண்பர்களோடு ஒருமுறை பாருங்கள். அரைமணி நேரத்திலும் மனம் ஒட்டவில்லையென்றால், தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் இது எல்லா கல்ட் படங்களுக்கும், அதாவது தீவிர ரசிகர் கூட்டம் விடாமல் கொண்டாடும் படங்களுக்கும், பொருந்தாது. ‘பிளேட் ரன்னர்’ என்ற அறிவியல் புனைகதைப் படத்தின் நிதானமான நடை சிலரை ஈர்க்கும், சிலரை விலக்கும். அங்கே கூட்டம் உதவாது.