இரண்டு வாரம் ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் அம்மாவுடன் வசிக்கிறோம். முதல் குழந்தை பெண். மனைவிக்கு இப்போது ஆறாம் மாதம். ஸ்கேனில் இதுவும் பெண் என்றார்கள். வருத்தப்படுவார் என்று அம்மாவிடம் இரண்டு வாரம் சொல்லவில்லை. தெரிந்ததிலிருந்து, “கொள்ளி வைக்க ஒரு பையன் வேண்டாமா? மூணாவது பாருங்க” என்கிறார். சேலம் பக்கத்துக்காரர், அந்தக் காலத்து மனுஷி. மனைவி அவரிடம் பேசுவதே இல்லை. இருவரையும் எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: தம்பி, மாமியார் மருமகள் சண்டை இருக்கட்டும். இரண்டு வாரம் சொல்லவில்லை என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். பையன் என்றால் மருத்துவமனை வாசலிலேயே அம்மாவுக்கு ஃபோன் போட்டிருக்க மாட்டீர்களா? அந்த இரண்டு வாரமும் உங்கள் மனைவி உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கோபம் அம்மாமேல் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்?

சேலம் என்றீர்கள். பெண் சிசுக்களைக் கொல்வதைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே அங்கேதான். வரதட்சணைப் பயம், சொத்து வெளியே போய்விடும் என்ற கணக்கு, கொள்ளிக்கு மகன் வேண்டும் என்ற பிடிவாதம். அந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்தவை இவைதான். வறுமைமேல் மட்டும் பழி போட முடியாது. வசதியான பஞ்சாப், ஹரியானாவிலேயே 2011 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் பிள்ளைகளுக்கு 850 பெண் பிள்ளைகள்கூட இல்லை. கருவில் இருப்பது என்ன என்று சொல்லக்கூடாதென 1994இல் இந்தியா சட்டமே போட்டது. அங்கே மறைப்பது பெண் குழந்தையின் உயிரைக் காக்க. நீங்கள் மறைத்தது யாரைக் காக்க?

பெற்றவளை வைத்துப் பார்ப்பது மகனின் கடமை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அவர் தப்பாகப் பேசினால் திருத்துவதும் அதே கடமைதான். ஆணா பெண்ணா என்பது தகப்பனின் குரோமோசோமைப் பொறுத்தது என்று நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள், மனைவியை உடன் வைத்துக்கொண்டு. கொள்ளிப் பேச்சு வந்தால், இங்கே மண்டாய் தகனச் சாலையில் பெற்றவர்களுக்கு மகள்களே இறுதிச் சடங்கு செய்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். “மூணாவது” என்ற பேச்சு அன்றோடு நிற்க வேண்டும். மூத்தவளுக்கும் காது இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால், இன்று ராத்திரியே மனைவியிடம் அந்த இரண்டு வாரத்துக்காக மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் அம்மாவிடம் போங்கள்.