பலகையில் எந்தச் சொல்?

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில், சனிக்கிழமை மாலைகளில் மனக்கஷ்டத்தோடு வருகிறவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதற்காக ஓராண்டு பட்டயப் படிப்பும் முடித்தேன். பாடம் எல்லாம் ஆங்கிலம். தமிழுக்கென்று நான்கு பக்கச் சொற்பட்டியல் ஒன்று தந்தார்கள். எம்பதி என்றால் ஒத்துணர்வு, டிரான்ஸ்ஃபரன்ஸ் என்றால் உணர்வுப் பெயர்ச்சி என்று போகிறது அது. வருகிறவர்களிடம் அந்தச் சொற்களைச் சொன்னால் விழிக்கிறார்கள். இப்போது அறை வாசலில் பலகை மாட்டப் போகிறோம். பங்குப் பேரவையில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்கிறார்கள். இளைஞர்கள் ‘கவுன்சலிங்’ போதும் என்கிறார்கள். எனக்கு ‘உளவியல் ஆலோசனை’ சரியென்று படுகிறது. நீங்கள் எதை எழுதுவீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றில் நான் முதலில் தள்ளிவைப்பது உங்களுக்குப் பிடித்த ‘ஆலோசனை’யைத்தான். வருத்தப்படாதீர்கள். வரி கட்ட ஆலோசனை, வழக்குப் போட ஆலோசனை, வீடு கட்ட வாஸ்து ஆலோசனை என்று அந்தச் சொல் நம் ஊரில் ஊறிக் கிடக்கிறது. அதைப் பலகையில் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர், நீங்கள் ஒரு முடிவைச் சொல்லி அனுப்புவீர்கள் என்றே எதிர்பார்ப்பார். ‘அவரோடு வாழட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்’ என்பார். உங்கள் படிப்பின் முதல் வாரத்திலேயே அதைச் செய்யக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். உங்களிடம் வருகிறவர் மாமியாரிடமும் மேலதிகாரியிடமும் அடுத்த வீட்டிலும் அறிவுரை கேட்டுக் கேட்டுக் களைத்துப் போய்த்தான் வருகிறார். புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய தமிழ் வேதாகமத்தில் ஏசாயா 9:6 ‘ஆலோசனைக் கர்த்தா’ என்கிறது. அங்கே அது பிறக்கப்போகும் மீட்பரின் பெயர். சனிக்கிழமை மாலை ஒரு மர நாற்காலியில் உட்காரப் போகிற நாம் அந்தப் பெயரைத் தொடாமல் இருப்பது நல்லது.

‘கவுன்சலிங்’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் சென்னைவாசிகளுக்கு அது முதலில் பொறியியல் சீட்டு. 2018இல் இணையத்துக்கு மாறும்வரை, கையில் கோப்போடு பிள்ளைகளும் பெற்றோரும் அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்துக்கிடந்ததைப் பார்த்த தலைமுறை இது. செய்தித்தாள்கள் அதற்குக் ‘கலந்தாய்வு’ என்ற நல்ல சொல்லைக் கொடுத்துவிட்டன. உங்கள் வேலைக்கான சொல்லை நாம்தான் தேட வேண்டியிருக்கிறது.

பேரவைப் பெரியவர்கள் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனைக் கண்டு, இந்த வழியாகப் போ, வழியில் இன்னின்ன ஊர் வரும், இப்படி வரவேற்பார்கள் என்று சொல்லி அனுப்புகிறான். ஆறு என்றால் வழி. கையிலிருக்கும் பொருளைக் கொடுத்து அனுப்புவது அந்தப் பாணனுடைய வேலை அல்ல. தானும் பசியோடு நடந்த பாதை அவனுக்குத் தெரியும், அதைச் சொல்கிறான். நடக்க வேண்டியவன் மற்றவன். இதைவிடப் பொருத்தமாக உங்கள் வேலையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது பக்கத்தில் இன்னொரு ‘ஆற்று’ம் வந்து நின்றுகொள்கிறது. சூடான பாலை ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது. பசியாறுகிறோம். துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறோம். கலித்தொகையின் 133ஆம் பாடலில், விரும்பியவளை வருந்தவிட்டுத் தள்ளிப்போகும் தலைவனிடம் தோழி பேசுகிறாள்: ‘ஆற்றுதல் என்பதொன்று அலந்தவர்க்கு உதவுதல்.’ அலந்தவர் என்றால் கலங்கித் தவிப்பவர். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஒருவனின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட வரி என்பதால் அது எனக்கு இன்னும் பிடிக்கும்.

இருந்தாலும், பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வருகிற ஒருவருக்குப் பலகையில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றிருந்தால் புரியுமா? பங்கு மக்களுக்குப் புரியலாம், பூசையில் கேட்டுப் பழகியிருப்பார்கள். தெருவுக்குப் புரியாது. பலகையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைவிட முக்கியமானது, அறைக்குள் நீங்கள் பேசப்போகும் சொற்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள். கணவர் இறந்து ஏழு மாதம். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: ‘உங்களுக்கு மன அழுத்தம் இருக்கிறதா? ஆம், இல்லை மட்டும் சொல்லுங்கள்.’ அந்த அம்மாள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ‘அழுத்தத்துக்குத்தானே இதைப் போடுகிறேன், நேற்றுகூடப் பார்த்தார்கள், 140 இருந்தது.’ படிவத்தில் ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டது. உள்ளே இருந்த மருத்துவர் வயதானவர். அவர் படிவத்தைப் பார்க்கவே இல்லை. ‘ராத்திரியில் என்னம்மா செய்கிறீர்கள்?’ என்று கேட்டார். ‘விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அவர் படுத்திருந்த பக்கம் கையைக்கூட வைப்பதில்லை’ என்றார் அம்மாள். ஏழு மாதத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை நான் கேட்டதில்லை.

இந்த ‘மன அழுத்தம்’ என்ற சொல்லால் நடக்கும் குழப்பத்தை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அலுவலக நெருக்கடிக்கும் அதையே எழுதுகிறார்கள், மாதக்கணக்கில் ஒருவரை எழவிடாமல் கிடத்தும் நோய்க்கும் அதையே எழுதுகிறார்கள். முன்னது நெருக்கடி. பின்னது மனச்சோர்வு, மருத்துவம் தேவைப்படும் நிலை. இரண்டையும் தயவுசெய்து பிரித்துச் சொல்லுங்கள். ‘எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று நோயாளியின் வீட்டார் விட்டுவிடுவதற்கு இந்த ஒற்றைச் சொல்லும் ஒரு காரணம்.

உங்கள் நான்கு பக்கப் பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அது உங்களுக்கும் உங்களை வழிநடத்தும் மூத்தவருக்கும் இடையில் இருக்க வேண்டியது. ‘உங்களைப் பார்த்தால் எங்கள் அப்பாவைப் பார்த்த மாதிரி இருக்கிறது’ என்று ஒருவர் கண்கலங்கினால், ஃபிராய்ட் பெயர் வைத்த உணர்வுப் பெயர்ச்சி அதுதான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் ‘கிளையண்ட்’ என்பதற்கு என்ன போட்டிருக்கிறார்கள்? நோயாளி என்று அழைக்க மனமில்லாமல் அந்தச் சொல்லைப் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். உளவியலுக்கு வருமுன் அவர் இறையியல் கல்லூரியில் படித்தவர். தமிழில் அது வாடிக்கையாளர் என்றால் கடை, கட்சிக்காரர் என்றால் கோர்ட்டு, பயனாளி என்றால் அரசுத் திட்டம். ஈழத்தமிழர்கள் இங்கே நம்மைவிட முன்னால் போய்விட்டார்கள். அவர்களிடம் இந்தப் பணி உளவளத்துணை, வருகிறவர் துணைநாடி. நாடி வருகிறவர் என்பதில் எவ்வளவு மரியாதை இருக்கிறது! உங்கள் திருச்சபையின் விவிலியப் பொது மொழிபெயர்ப்பிலும் தூய ஆவியாருக்கு யோவான் நற்செய்தியில் ‘துணையாளர்’ என்றே பெயர்.

இனிச் சொல்வது கொஞ்சம் கடினமானது. உளவியல் சொற்கள் புரியாமல் போனால் நேரம்தான் வீணாகும். கோயில் சொற்கள் நன்றாகப் புரியும், அதனாலேயே அவை காயப்படுத்தும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவன் அடிக்கிறான் என்று ஊழியம் செய்யும் ஒருவரிடம் போய்ச் சொன்னார். ‘இது உன் சிலுவை, பொறுமையாகச் சுமக்க வேண்டும்’ என்று ஜெபித்து அனுப்பிவிட்டார் அவர். பதினோரு வருடம் கழித்து அதை என்னிடம் சொல்லும்போதும் அந்தப் பெண்ணின் கை தானாகவே புடவைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டது. சிலுவை, சோதனை, விசுவாசக் குறைவு: இந்த மூன்றையும் வருகிறவர் தாமாகச் சொன்னாலொழிய நீங்கள் சொல்லாதீர்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய் ‘நான்தான் பாவம் செய்துவிட்டேன்’ என்றால், அது பெரும்பாலும் குற்றவுணர்வு. அங்கே மன்னிப்பைப் பற்றிப் பேசினால், குற்றம் நடந்ததை நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

‘இரகசியம்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் கேட்டது எந்தச் சூழலிலும் வெளியே போகாது என்று உங்கள் மக்கள் வழிவழியாக அறிந்தவர்கள். உங்கள் அறையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் நீங்கள் பேசாமல் இருக்க முடியாது. குழந்தையின் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். முதல் சந்திப்பிலேயே, அவர் வாயைத் திறக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

பலகைக்கு வருகிறேன். பழைய கத்தோலிக்க வழக்கில் பங்கை ‘விசாரணை’ என்றும் பங்குச் சாமியாரை ‘விசாரணைக் குரு’ என்றும் சொல்வார்கள். நலம் விசாரிப்பது, துக்கம் விசாரிப்பது என்ற பொருளில் எவ்வளவு அன்பான சொல்! காவல் நிலையம் அதை எடுத்துக்கொண்டுவிட்டதால் அதை எழுத முடியாது. ‘மனத் துணை’ என்று பெரிதாக எழுதுங்கள். அதன்கீழ், ‘மனம் விட்டுப் பேசலாம். எந்த மதத்தவரும் வரலாம். கட்டணம் இல்லை. சனிக்கிழமை மாலை’ என்று எழுதி நேரத்தையும் போடுங்கள். நீங்கள் இல்லாத ஆறு நாளும் யாராவது அந்த வாசலில் வந்து நிற்கக்கூடும். ஆகவே அடியில், இருட்டிலும் தெரியும் வண்ணத்தில், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 என்ற எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.