சமன்பாடு எங்கே இடிக்கிறது? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): சார், வேதிச் சமன்பாட்டை ஏன் சமன்படுத்தியே ஆகவேண்டும்? அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று எழுதினால் போதாதா?

பதில்: போதாதும்மா. வேதிவினையில் அணு புதிதாக முளைப்பதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை. பழைய பிணைப்புகள் அறுந்து அதே அணுக்கள் வேறு விதமாகச் சேர்கின்றன, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வேதியியலாளர் லவாய்சியர் மூடிய பாத்திரத்தில் உலோகங்களைச் சூடாக்கி, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்துச் சொன்னதும் அதைத்தான். சமன் ஆகாத சமன்பாடு எங்கோ ஒரு அணுவைத் தொலைத்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: விறகு எரிந்தால் கைப்பிடி சாம்பல்தானே மிஞ்சுகிறது, மீதி எடை எங்கே?

பதில்: காற்றோடு போய்விட்டது. விறகிலிருந்த கார்பன் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் நீராவியாகவும் கிளம்பிவிட்டன, நாம் நிறுப்பது சாம்பலை மட்டும். இரும்பு இதற்கு நேர் எதிர். 112 கிராம் இரும்பு முழுக்க ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெர்ரிக் ஆக்சைடாக மாறினால் 160 கிராம் ஆகும். கூடிய 48 கிராமும் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன்தான்.

கேள்வி (டியூஷன் போகும் மாணவன்): ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் ஆகும் சமன்பாட்டில், இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1 வந்தது. நீரின் வாய்பாட்டில் (H₂O) ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டேன், சமன் ஆகிவிட்டது. டீச்சர் ஏன் அடித்துவிட்டார்?

பதில்: அடிக்காமல் என்ன செய்வார் தம்பி! நீ எழுதியது தண்ணீரே இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அந்தச் சரக்கு. கீழே இருக்கும் சின்ன எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும். முன்னால் போடும் எண், அதாவது கெழு, அது மட்டும்தான் உன் கையில். ஹைட்ரஜன் மூலக்கூறு 2, ஆக்சிஜன் மூலக்கூறு 1, நீர் மூலக்கூறு 2. இப்போது எண்ணிப் பார், இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் அணு 4, ஆக்சிஜன் அணு 2.

கேள்வி (மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மா): எந்தத் தனிமத்தில் தொடங்குவது? ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டுவிடுகிறது.

பதில்: ஆக்சிஜனில் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். எரிபொருள் எரியும் சமன்பாட்டில் வலப்பக்கம் வரும் கார்பன் டை ஆக்சைடு, நீர் இரண்டு பொருளிலும் அது இருக்கிறது, அதனால் கடைசிக்குத் தள்ளுங்கள். உங்கள் சமையல் எரிவாயுவில் இருக்கும் பியூட்டேனையே எடுத்துக்கொள்வோம், அதன் ஒரு மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. முதலில் கார்பன்: 4 இருப்பதால் வலப்பக்கம் 4 கார்பன் டை ஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: 10 என்றால் 5 நீர் மூலக்கூறு. இப்போது வலப்பக்கம் ஆக்சிஜனை எண்ணுங்கள், 8ம் 5ம் 13. ஆக்சிஜனோ இரண்டிரண்டாகத்தான் வரும், அப்போது ஆறரை மூலக்கூறு வேண்டும், மகன் பேனாவைக் கீழே வைப்பது இந்த இடத்தில்தான். பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் 2ஆல் பெருக்கிவிடுங்கள். 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர். ஒருமுறை சரிபாருங்கள்: கார்பன் 8, ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 26, இரு பக்கமும் ஒன்றே.

அந்த 10 நீர் மூலக்கூறு வெறும் கணக்கு இல்லை. குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் வெளிப்பக்கம் கொஞ்ச நேரம் வேர்க்குமே, அதில் பெரும்பங்கு எரிவாயு எரிந்து உண்டான நீர். பர்னர் அடைத்துக் காற்று போதாமல் போனால் இந்தச் சமன்பாடு அப்படியே செல்லாது. சுடர் மஞ்சளாகும், பாத்திரம் கரிபிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் வரலாம். பர்னரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கற்பூரம் திறந்து வைத்தால் கரைந்துபோகிறது. அது வேதிவினையா?

பதில்: இல்லை, அது பதங்கமாதல். திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிறது, மூலக்கூறு அப்படியேதான் இருக்கிறது. கொளுத்தினால்தான் வேதிவினை.

கேள்வி: சல்பேட், நைட்ரேட் எல்லாம் வந்தால் தலை சுற்றுகிறது.

பதில்: சல்பேட் என்பது ஒரு கந்தகமும் 4 ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி. இரண்டு பக்கமும் அது உடையாமல் வந்தால் அதைப் பிரிக்காதீர்கள், ஒரே உருப்படியாக எண்ணுங்கள். அலுமினியமும் நீர்த்த கந்தக அமிலமும் வினைபுரிந்தால் வரும் அலுமினியம் சல்பேட்டில் அலுமினியம் 2, சல்பேட் 3. அமில மூலக்கூறு ஒன்றில் ஹைட்ரஜன் 2, சல்பேட் 1. ஆகவே அமிலம் 3, அலுமினியம் 2, வெளிவரும் ஹைட்ரஜன் 3. முடிந்தது.

கேள்வி (கல்லூரி முதலாண்டு): சமன் ஆகிவிட்டால் அந்த வினை நடக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: கூடாது. நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தாமிரமும் 2 ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து தாமிர குளோரைடும் ஹைட்ரஜனும் தரும் என்று எழுதிப் பாருங்கள், அழகாகச் சமன் ஆகும். ஆனால் நீர்த்த அமிலத்தில் தாமிரத் துண்டைப் போட்டால் ஒரு குமிழிகூட வராது. துத்தநாகம் போட்டால் உடனே பொங்கும். எது அதிகம் வினைபுரியும், எது குறைவு என்று அடுக்கிய வினைத்திறன் வரிசையில், ஹைட்ரஜனுக்கு மேலே உள்ள உலோகம்தான் அமிலத்திலிருந்து அதை வெளியேற்றும். துத்தநாகம் ஹைட்ரஜனுக்கு மேலே, தாமிரம் கீழே. முதலில் அந்த வரிசையைப் பாருங்கள், அப்புறம் கெழுவைப் போடலாம்.