லெனினுக்குப் பக்கத்தில் காந்தி: கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கத் தென் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வணிக வளாகத்தை ஒட்டி லெனின், மாவோ, சர்ச்சில், நாசர், கோல்டா மேயர், நம் காந்தி எல்லாரும் ஒரே இடத்தில் வெண்கலத்தில் நிற்கிறார்கள். யார் வேலை என்று கேட்டேன். "ஜோர்ஜ் ஃப்ரெஷ், பழைய மேயர்" என்றார்கள். அறைக்குத் திரும்பித் தேடினால், இனவாதப் பேச்சுக்காகச் சொந்தக் கட்சியே நீக்கிய ஆள்! இவரை எப்படி முப்பது வருஷம் ஜெயிக்க வைத்தார்கள்?

ச.

அன்புள்ள ச.,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஃப்ரெஷ் கண்ணால் பார்த்தது லெனின், சர்ச்சில், ரூஸ்வெல்ட், தெ கோல், ஜோரெஸ் என்ற ஐந்து பேரைத்தான். காந்தியும் மாவோவும் வந்து சேர்ந்தது 2012இல். அதற்குள் அவர் போய்விட்டார்.

ஃப்ரெஷ் ரோமானியச் சட்ட வரலாறு சொல்லிக்கொடுத்த பேராசிரியர், இளமையில் மாவோயிஸ்ட். 1973இல் சோஷலிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர், 1977 முதல் 2004 வரை மோன்பெலியேயின் மேயர். இரண்டு பதவியையும் ஒரே ஆள் வைத்துக்கொள்ள அன்று பிரான்ஸில் தடையில்லை. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஒரு பட்டியலுக்கு ஓட்டு, ஜெயித்த பட்டியலின் தலைவரை நகர மன்றம் மேயராக்கும். 1983 தேர்தலிலிருந்து, முதலிடம் பிடித்த பட்டியலுக்குப் பாதி இடங்கள் அப்படியே. மீதியைப் பங்கு போடும்போது அதிலும் அதற்குப் பங்கு உண்டு. அப்புறம் மன்றத்தில் மேயரை யார் அசைப்பது? போதாததற்கு 1982இன் அதிகாரப் பரவல் சட்டம் நகரங்களின் கட்டை அவிழ்த்துவிட்டது.

அந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்தார் என்று பார்க்க அடுத்த முறை அந்திகோன் பகுதிக்கு நடந்து போங்கள். ஊர் நடுவிலிருக்கும் கொமெதி சதுக்கத்திலிருந்து கிளம்பினால் பொலிகோன் என்ற கடைத்தொகுதி குறுக்கே வரும். அது முந்தைய மேயர் காலத்துச் சரக்கு. அதற்குள் நுழைந்து மறுபக்கம் இறங்கினால் திடீரென்று தூண்களும் வளைவுகளுமாக ஒரு கிரேக்க ஊர், லெஸ் ஆறுவரை நேர்கோட்டில் போகிறது. ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ போஃபில் வரைந்தது. கிட்டே போய்த் தட்டிப் பாருங்கள், கல் இல்லை, கான்கிரீட். அந்தத் தூண்களுக்குப் பின்னால் துணி காய்கிற வீடுகளில் பல, குறைந்த வாடகைக் குடியிருப்புகள். பொலிகோனுக்கு எதிரே அந்திகோன் என்று பெயர் வைத்த குறும்பும் உண்டு ('அந்தி' என்றால் பிரெஞ்சில் 'எதிர்'). எனக்கு அந்தப் பாணி அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் ஏழைக்குக் கட்டும் வீட்டுக்கு இவ்வளவு ஆடம்பரமாக முகப்பு வைத்த மேயர்கள் குறைவு.

சரி, பேச்சுக்கு வருகிறேன். 2004இல் லாங்டாக்-ரூசியோன் பிராந்தியத்தின் தலைவரானார். 2006 பிப்ரவரியில், அல்ஜீரியப் போரில் பிரான்ஸ் பக்கம் நின்ற அல்ஜீரியர்களான ஹார்கிகள் சிலரைப் பார்த்து "நீங்கள் மனிதருக்குக் கீழானவர்கள்" என்றார். அதே வருஷம், பிரெஞ்சுக் கால்பந்து அணியில் கறுப்பர்கள் அதிகம் என்றார். 2007 ஜனவரியில் கட்சி நீக்கியது. இதற்கெல்லாம் சப்பைக்கட்டு கட்ட நான் தயாரில்லை. "வாய்தான் கெட்டது, மனசு தங்கம்" என்று அவர் ஆட்கள் சொன்னதையும் நம்பவில்லை. அல்ஜீரியாவிலிருந்து திரும்பிய ஐரோப்பியக் குடும்பங்கள் நிறைய இருந்த ஊர் அது. அவர்கள் ஓட்டை ஆரம்பம் முதலே குறிவைத்தவர் அவர். அந்த வாயை மீறி ஜெயித்தார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கொஞ்சம் அந்த வாயாலும் ஜெயித்தார் என்பது என் கணக்கு.

2010 பிராந்தியத் தேர்தலில் கட்சித் தலைமை அவருக்கு எதிராக நிறுத்தியது யாரை? அவருக்குப் பின் மேயரான எலேன் மாந்த்ரூவை. மாந்த்ரூ தலைமையிலான பட்டியல் 8 சதவீதத்தைக்கூடத் தொடாமல் முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஃப்ரெஷ் இரண்டாம் சுற்றில் 54 சதவீதம் வாங்கினார். அதே வருஷம் அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை, தன் அலுவலகத்திலேயே இறந்துபோனார்.

அவரால் முடியாமல் போனதும் ஒன்று உண்டு. ரோமானிய வரலாற்றுக்காரர் இல்லையா, பிராந்தியத்துக்கு 'செப்திமனி' என்ற பழைய பெயரைச் சூட்ட ஆசைப்பட்டார். பெர்ப்பிஞான் பக்கத்துக் கத்தலான்காரர்கள் தெருவில் இறங்கியதும் 2005இல் பின்வாங்கினார். 2016இல் அந்தப் பிராந்தியமே பக்கத்துப் பிராந்தியத்தோடு இணைக்கப்பட்டு, இப்போது ஒக்சித்தானி ஆகிவிட்டது. மோன்பெலியே நகர மன்றத்தின் இன்றைய முகவரி மட்டும்: எண் 1, ஜோர்ஜ் ஃப்ரெஷ் சதுக்கம்.

அன்புடன்